சட்டையை அறிந்த அணில்

பாளையங்கோட்டையில் ஒரு சீடர் இருந்தார். அவருக்கு வயது அறுபத்திரண்டு. அவருடைய குருவுக்கு முப்பத்து நான்கு.

சீடர் வேதநாயகம், செங்கோட்டைப் பாதையில் ஒரு சிறு ரயில் நிலையத்தின் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். குரு செண்பகவல்லி, அந்தத் தெருவுக்குத் தபால் கொண்டுவருபவர்; கூடு விழுந்த குஞ்சு, குட்டிகளை எடுத்து வளர்த்து விட்டுப் பழகியவர். தாம் குரு என்பதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "என்னைய அப்படிக் கூப்பிட்டா உங்க தபாலை எல்லாம் அடுத்த தெருவுல போட்டுருவேன்" என்று மிரட்டியும் பார்த்தார். சீடர் மசியவில்லை.

கதை ஒரு வேப்பங்கிளையில் தொடங்கியது. மின்கம்பியில் உரசுகிறதென்று வேதநாயகத்தின் வீட்டுக் கொல்லையில் நின்ற வேம்பின் கிளையொன்றை வெட்டினார்கள். கிளையோடு அணிற்கூடும் விழுந்தது. கூட்டுக்குள் இரண்டு குட்டிகள். மயிர் முளைக்கவில்லை, கண் திறக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம். தாய் திரும்பி வரவில்லை.

வேதநாயகம் உடனே பால் காய்ச்சி, ஆற்றி, பஞ்சில் நனைத்து ஊட்டினார். உச்சிவேளைக்குள் ஒரு குட்டி இறந்தது. மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றபோதுதான் செண்பகவல்லி ஒரு கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். வந்தவர் பத்திரிகையை நீட்டவில்லை, குட்டியைப் பார்த்தார்.

"என்ன குடுத்தீங்க சார்?"

"பால்."

"உடம்பு எப்படி இருக்கு? தொட்டுப் பாருங்க."

"சில்லுன்னு இருக்கு."

"அணைஞ்ச அடுப்புல உலை வைப்பாங்களா?"

முதற்குட்டி ஏன் இறந்தது என்பது வேதநாயகத்துக்கு விளங்கிவிட்டது.

"சட்டைப்பையில போடுங்க. உங்க நெஞ்சுச் சூடு போதும். உடம்பு கதகதன்னு ஆன பிறகுதான் பால். அதுவும் மாட்டுப்பால் வேண்டாம். நாய்க்குட்டிக்குக் கொடுக்கிற பால்மாவு இருக்கு, நான் வாங்கிட்டு வாரேன். பேர் மட்டும் வச்சிராதீங்க."

"ஏன்?"

"போற உயிருக்கு எதுக்கு சார் பேரு?"

அன்று அவர் சீடரானார்.

நிலைய அதிபரின் பழைய வெள்ளைச் சட்டைதான் குட்டியின் வீடாயிற்று. இரண்டு மணிக்கொருமுறை, ஊசியில்லாத சிரிஞ்சால், துளித்துளியாகப் பால். ஒவ்வொரு முறை பால் குடித்த பின்பும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் தடவிச் சிறுநீர் கழிக்கவைக்க வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில்களை நிமிடம் பிசகாமல் அனுப்பியவர் இதிலும் ஒரு நிமிடம் பிசகவில்லை.

அவர் மனைவி ஜெயசீலி நடுக்கூடத்து நாற்காலியில் அமர்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நம்ம பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் ஒருநாளாவது துணி மாத்தியிருப்பீங்களா?"

"அப்ப எனக்கு டூட்டி."

"டூட்டி ராத்திரியில. பிள்ளைங்க பகல்லயும்தான் ஈரம் பண்ணுச்சுங்க."

வேதநாயகம் பஞ்சை நனைப்பதில் மிகுந்த கவனம் செலுத்தினார்.

குட்டிக்குக் கண் திறந்தது. மயிர் முளைத்தது. முதுகில் மூன்று கோடுகள் தெளிந்தன. சட்டைப்பையிலிருந்து தலை நீட்டி, தோளில் ஏறி, காதுமடலைக் கவ்வி இழுக்கக் கற்றுக்கொண்டது. "ச்சு, ச்சு" என்று அவர் நாவைச் சொடுக்கினால், வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் ஓடிவந்து பைக்குள் இறங்கிவிடும்.

ஒரு நாள் செண்பகவல்லியின் காதில் ஒரு பேர் விழுந்தது.

"யாரு சார் பாசஞ்சர்? அம்மாகிட்ட 'பாசஞ்சர் சாப்பிட்டாச்சா'ன்னு கேட்டீங்களே."

"அது பேர் இல்லை, வகை. எக்ஸ்பிரஸ், கூட்ஸ், பாசஞ்சர். இது எல்லா இடத்துலயும் நின்னு நின்னு போகுதுல்லா?"

செண்பகவல்லி சிரித்தார். சிரிப்பு முடிந்தபின் அவரை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார்.

வேம்பை ஒட்டி ஆளுயரக் கம்பிவலைக் கூண்டொன்றை வேதநாயகமே கட்டினார். வேப்பங்கிளைகள் உள்ளே நுழையுமாறு இடம் விட்டார். குட்டியை அதற்குள் மாற்றிய அன்று ஒரு கேள்வி கேட்டார்.

"வெளியே விடுற நேரம் வந்துட்டுன்னு எப்படித் தெரியும்? ரயில்னா அடுத்த ஸ்டேஷன்ல கேட்பேன். அவன் லைன் கிளியர் குடுத்தாத்தான் வண்டி நகரும். இதுக்கு யாரு குடுப்பா?"

"அடுத்த ஸ்டேஷன்தான் குடுக்கும். நீங்க முதல்ல வண்டி சரியா இருக்கான்னு பாருங்க."

"என்ன பாக்கணும்?"

"நிலக்கடலையைத் தோட்டோட போடுங்க, உடைக்குதான்னு பாருங்க. தேங்காய் நாரைப் போடுங்க, தானே கூடு கட்டுதான்னு பாருங்க. பருந்து நிழல் விழுந்தா ஒளியுதான்னு பாருங்க."

"மூணுதானா?"

"நாலாவது ஒண்ணு இருக்கு. அதை நான் வந்து பாக்கேன்."

மூன்றிலும் பாசஞ்சர் தேறியது. கடலையை நுனியில் கடித்துத் திறந்தது. நாரை வாயில் கவ்விச் சென்று, கூண்டின் உச்சியில் கட்டியிருந்த மூங்கிற்கூடைக்குள் உருண்டையாகக் கூடு கட்டியது. பருந்தின் நிழல் கொல்லையைக் கடந்தபோது கிளையோடு கிளையாக ஒட்டி, கல்லாகச் சமைந்தது. வேதநாயகம், தாம் பெற்ற மகன் தேர்வில் முதலாவதாக வந்ததைப்போலப் பூரித்தார்.

குறித்த நாளில், காலை ஏழு மணிக்கு, வேலைக்குப் போகும் வழியில் செண்பகவல்லி வந்தார். வேதநாயகம் முகம் மழித்து நின்றார். ஜெயசீலி கேசரி கிண்டியிருந்தார்.

குரு கூண்டுக்குள் கையை நீட்டினார். அணில் கிளையிலிருந்து இறங்கி, விரல்களை முகர்ந்து, கை வழியே ஏறி, காக்கிச் சட்டையின் தோளில் போய் உட்கார்ந்துகொண்டது.

"பாத்தீங்களா!" என்றார் வேதநாயகம். "யாருகிட்டயும் பயமே கிடையாது."

செண்பகவல்லி அதை மெல்ல எடுத்து உள்ளே விட்டுக் கூண்டைச் சாத்தினார்.

"இன்னைக்கு இல்லை."

"ஏன்?"

"தேறலை."

காரணம் சொல்லாமல் கேசரியை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரமும் வந்தார். அப்போதும் அணில் தோளேறியது. அப்போதும் கூண்டு சாத்தப்பட்டது. வேதநாயகத்துக்குச் சினம் வந்தது.

"அது அன்புங்க. அன்பைப் போய்த் தோல்வின்னு சொல்றீங்களே!"

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. காலையில வாரேன். உங்க பழைய சட்டையை எடுத்து வைங்க. துவைச்சிராதீங்க."

ஞாயிறன்று ஜெயசீலி ஆராதனைக்குப் புறப்பட்டார். "வரலையா?" என்று கணவரைக் கேட்டார்.

"குரு வர்றாங்க."

"ஆண்டவர்கிட்ட அப்படியே சொல்லிடுதேன்" என்று வேதாகமத்தை எடுத்துக்கொண்டு போனார்.

செண்பகவல்லி வந்தார். வெள்ளைச் சட்டையை வாங்கி, கூண்டுக்கு நாலு முழம் தள்ளியிருந்த துவைக்கும் கல்லின்மேல், வெயில் படுமாறு விரித்தார். பிறகு கொல்லைக் கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு அமர்ந்தார்.

"எதுக்குக் காத்திருக்கோம்?"

"காப்பி இருந்தாக் குடுங்க சார்."

காப்பி வந்தது. பாதி குடித்திருப்பார். மதிலின்மேல் அடுத்த வீட்டுச் சாம்பல் நிறப் பூனை தோன்றியது. வெயிலையும் துணியையும் ஒருங்கே கண்ட பூனை வேறெங்கே போகும்? இறங்கி வந்தது; சட்டையை முன்னங்கால்களால் இரண்டு முறை பிசைந்தது; சுருண்டு படுத்தது.

உச்சியில் இருந்த பாசஞ்சர் சட்டையைக் கண்டது. கிளை கிளையாகத் தாவி இறங்கியது. வலையில் மூக்கை அழுத்தி, மீசை துடிக்க, பையைத் தேடும்போது எழுப்பும் அந்தச் சிறு குரலை எழுப்பியது.

பூனை கண் விழித்தது.

அணில் நகரவில்லை. இன்னும் வேகமாகக் கூப்பிட்டது. பூனை எழுந்து கல்லிலிருந்து இறங்கியது. வயிறு தரையில் தோய ஓரடி, பின்னும் ஓரடி வைத்தது. அணில் வலை வழியே ஒரு கையை வெளியே நீட்டியது.

"ஏய்!" என்று கத்திக்கொண்டு வேதநாயகம் பாய்ந்தார். வேட்டி தடுக்கியது, துடைப்பம் பறந்தது, பூனை மதிலேறி மறைந்தது. அவர் கூண்டின் முன்னால் மூச்சு வாங்க நின்றார். அணில் அப்போதும் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பின்னால் காப்பித் தம்ளரை வைக்கும் ஓசை கேட்டது.

"சட்டையைத் தெரியும் அதுக்கு" என்றார் செண்பகவல்லி. "அதுல யாரு இருக்கான்னு தெரியாது."

வேதநாயகம் துடைப்பத்தை எடுத்துச் சுவரில் சாத்தினார். "நீங்கதானே பையில போடச் சொன்னீங்க?"

"சொன்னேன். அன்னைக்கு அதுக்குக் கண் திறக்கலை."

"இப்ப என்ன செய்யணும்?"

"இருபத்தொரு நாள் அதோட கண்ணுல படாதீங்க. குரல் குடுக்காதீங்க. கூண்டைச் சுத்திச் சாக்கு கட்டிருதேன். அம்மா சாக்குக்குப் பின்னால நின்னு, கை தெரியாம இரை வைக்கட்டும். மேல மட்டும் சாக்கு வேண்டாம். வானமும் மரமும் போதும்."

"மறந்துடுமா?"

"எதை?"

"என்னைய."

செண்பகவல்லி சாக்குப்பையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அதை அப்புறம் சொல்லுதேன்."

"மறந்தாலும் பரவாயில்லை. ஆயிரம் அணிலுக்கு நடுவுல விட்டாலும் நான் அதைக் கண்டுபிடிச்சிருவேன்" என்றார் சீடர். குரு அடுத்த சாக்கை எடுத்தார்.

வேதநாயகம் வீட்டின் முன்னறைக்கு நாடு கடத்தப்பட்டார். நாளிதழை முதற்பக்கத்திலிருந்து இரங்கல் விளம்பரம்வரை படித்தார். சமையலறை சன்னலுக்கு அடிக்கடி தண்ணீர் குடிக்கப் போனார்.

"இது ஏழாவது தம்ளர்" என்றார் ஜெயசீலி. "சாக்கு வழியா ஒண்ணும் தெரியாது. நானும் பார்த்துட்டேன்."

"சாப்பிட்டுதா?"

"சாப்பிட்டுது."

"நல்லா?"

"நீங்க சாப்பிட்டதைவிட நல்லா."

ஒன்பதாம் நாள் காலையில் அணில் கூப்பிடத் தொடங்கியது. பசியின் குரலன்று, இரை வைத்தபடியே இருந்தது. பையைத் தேடும் குரல். சிறியது, இடைவிடாதது. ஒன்பது மணிக்குத் தொடங்கியது பத்துக்கும் நிற்கவில்லை, பதினொன்றுக்கும் நிற்கவில்லை.

வேதநாயகம் எழுந்தார். முன்னறை, நடுக்கூடம், சமையலறை. கொல்லைக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தார். ஒரு தரம் "ச்சு" என்றால் போதும், அது அமைதியடையும். தமக்கும் அமைதி கிடைக்கும். ஒரே ஒரு தரம்.

ஜெயசீலி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தடுக்கவில்லை.

"போறதுன்னா போங்க" என்றார் மெல்ல. "மதில்மேல பூனையும் உட்கார்ந்து அதைத்தான் கேட்டுட்டிருக்கு."

தாழ்ப்பாளில் இருந்த கை அப்படியே இருந்தது. பிறகு இறங்கியது.

அவர் அலமாரியிலிருந்து அந்த வெள்ளைச் சட்டையை எடுத்தார். இரண்டு மாதமாகத் துவைக்காத சட்டை. பையின் விளிம்பில் சிறு பற்களின் தடங்கள் இருந்தன. குளியலறைக்குள் கொண்டுபோய் வாளியில் முக்கி, சவுக்காரம் போட்டு, தம் கையாலேயே கசக்கினார். மூன்று தண்ணீரில் அலசினார். முகர்ந்து பார்த்தார். நான்காவது முறையும் அலசினார்.

ஈரச் சட்டையோடு அவர் வெளியே வந்தபோது ஜெயசீலி நிமிர்ந்து பார்த்தார். கேலி எதுவும் சொல்லாமல், கீரைத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, சட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து பிழிந்து, வாசற்பக்கக் கொடியில் உலர்த்தினார்கள்.

நண்பகலுக்குப்பின் குரல் ஓய்ந்தது. மறுநாள் சிறிது கேட்டது. அதற்கு மறுநாள் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் வேறொரு குரல் கேட்டது. மதிலுக்கு அப்பால், ஆளில்லா மனையில் ஒரு கொடுக்காப்புளி மரம் நிற்கிறது. அங்கிருந்து ஓர் அணில் வந்து கூண்டின் கூரைமேல் அமர்ந்து, வாலை வெட்டி வெட்டிக் கீச்சிட்டது. சற்று நேரம் உள்ளே அமைதி. பிறகு கூண்டுக்குள்ளிருந்து அதே போன்ற கீச்சு எழுந்தது, உரத்தது, தொடர்ந்தது. பாசஞ்சர் அப்படிக் குரல் கொடுத்து வேதநாயகம் அதுவரை கேட்டதில்லை.

அவர் நாளிதழைத் தாழ்த்தினார்.

"ஜெயசீலி."

"ம்."

"அடுத்த ஸ்டேஷன் பேசுது."

இருபத்திரண்டாம் நாள் காலையில் செண்பகவல்லி சாக்கை அவிழ்த்தார். வேதநாயகம் கதவுக்குப் பின்னால் நின்றார். மனிதமுகத்தைக் கண்டதும் கூண்டுக்குள் ஒரு பழுப்புக் கீற்று மேல்நோக்கிப் பாய்ந்தது, மூங்கிற்கூடைக்குள் மறைந்தது. குரு கையை நீட்டினார். நார் அசைந்தது. "ஆ!" என்று கையை இழுத்துக்கொண்டார். சுட்டுவிரல் நுனியில் ஒரு பொட்டு இரத்தம்.

விரலை உயர்த்திக் காட்டி அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"தேறிட்டு சார்! நல்லா ஆழமாத் தேறியிருக்கு!"

ஜெயசீலி மஞ்சளும் சவுக்காரமும் தண்ணீரும் கொண்டு ஓடினார். "இந்த மனுசனுக்காக நீ கடி வாங்கணுமா, செண்பகம்?" என்று விரலைக் கழுவிவிட்டார்.

"வாங்க சார். நீங்கதான் திறக்கணும்."

"நானா? என்னைப் பாத்துட்டா?"

"பாக்கட்டும். அதுவும் தெரியணும்ல்லா."

வேதநாயகம் வந்தார். அன்று அவர் உடுத்தியிருந்தது புதுச் சட்டை, பை இல்லாதது. தலையைக் குனிந்தபடியே கூண்டின் மேற்கதவுக் கொக்கியை நீக்கினார். கூடையின் வாயில் இரண்டு கருமணிக் கண்கள் அவரைப் பார்த்தன. நாவு மேலண்ணத்தில் தானாகவே போய் ஒட்டியது. அதை அங்கேயே வைத்துக்கொண்டார். நாலடி பின்னால் வந்தார்.

கால்மணி நேரம் ஒன்றும் நிகழவில்லை.

பிறகு கதவு விளிம்பில் ஒரு மூக்கு. அடுத்து மூன்று கோடுகள். கூரைமேல் ஏறியது, காற்றை முகர்ந்தது, வேப்பங்கிளைக்குத் தாவியது. அங்கிருந்து மதில். மதிலிலிருந்து கொடுக்காப்புளி. வாலின் நுனி ஒருமுறை இலைகளுக்கிடையில் அசைந்தது. அவ்வளவுதான்.

வேதநாயகத்தின் வலக்கை, பச்சைக்கொடி பிடிக்கும் உயரத்திற்கு எழுந்து, அப்படியே நின்றுவிட்டது. ஜெயசீலிதான் அதைப் பிடித்து இறக்கிவிட்டார்.

முதல் வாரம் கூண்டுக்குள் வைத்த கடலை தீர்ந்தது. இரண்டாம் வாரம் பாதி மிஞ்சியது. மூன்றாம் வாரம் எறும்புகள்தாம் வந்தன. வேதநாயகம் கூண்டைக் கழுவிக் காயவைத்தார்.

ஒரு மாதம் கழித்து, வேதநாயகத்தின் மகன் எழுதிய கடிதத்தோடு செண்பகவல்லி வந்தார். விரலில் வடு வெளுத்திருந்தது. வேதநாயகம் கடிதத்தைப் பிரிக்காமலே அவரைக் கொல்லைக்கு அழைத்துப்போனார்.

மதில்மேல் மூன்று அணில்கள் இருந்தன. மூன்றும் கொடுக்காப்புளிச் சுளையை இரு கைகளிலும் பிடித்துக் கொறித்தன. மூன்றன் முதுகிலும் மூன்று கோடுகள். ஒரே உயரம், ஒரே பழுப்பு, ஒரே அவசரம்.

வேதநாயகம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். இடப்பக்கம் இருந்ததைப் பார்த்தார். நடுவிலிருந்ததைப் பார்த்தார். வலப்பக்கம் இருந்ததைப் பார்த்தார். மறுபடி இடப்பக்கம் வந்தார்.

"தெரியலை" என்றார் கடைசியில். "எதுன்னு தெரியலை."

செண்பகவல்லி மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு தடவை" என்றார் சீடர், அனுமதி கேட்பவரைப்போல.

குரு தடுக்கவில்லை. வேதநாயகம் நாவைச் சொடுக்கினார்.

"ச்சு, ச்சு."

மூன்று சுளைகள் மதில்மேல் விழுந்தன. மூன்று அணில்களும் கீச்சிட்டுக்கொண்டு, ஒன்றையொன்று முந்தி, மரத்தின் உச்சிக்குப் பாய்ந்தன.

கொல்லை வெறிச்சென்றானது. வேதநாயகம் சிறிது நேரம் உச்சியையே பார்த்தார்.

"அன்னைக்கு 'என்னைய மறந்துடுமா'ன்னு கேட்டேன். அப்புறம் சொல்லுதேன்னு சொன்னீங்க."

"மூணும் ஓடிச்சுல்லா?" என்றார் செண்பகவல்லி.

"ஓடிச்சு."

"ஒண்ணாவது நின்னு திரும்பிப் பாத்துதா?"

"இல்லை."

அவர் தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அப்ப நல்லா வளத்திருக்கீங்க சார்."